மூத்திரப் பானையும் முசோலினியின் தலையும்

ஓவியம் படிக்கிற ஒருவர் கேட்டிருக்கிறார்: டேபஸ்ட்ரி, அதாவது தறியிலேயே நூலால் படமாக நெய்கிற துணி, நெய்யும் கலைஞருக்கு ஒரு நாள் எப்படிப் போகும், படத்துக்கான பொறி எங்கிருந்து கிடைக்கும், மாதக்கணக்கில் ஒரே படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தால் சலிக்காதா?

மூன்றாவது கேள்விதான் முக்கியமான கேள்வி. சின்ன வயதில் தறிக்குழி ஓரத்தில் நின்று அப்பாவுக்குக் கோர்வை நாடா (புடவைக் கரையை இணைக்கும் ஓடம்) போட்டுக் கொடுத்தவன் நான். பிற்பாடு ஆசைப்பட்டு, மரச்சட்டம் அடித்துச் சித்திரமும் நெய்து பார்த்தேன். சலிக்கும். நன்றாகவே சலிக்கும். சலித்த பிறகும் மனசில் எது நிற்கிறதோ அதைத்தான் நெய்து முடிக்க முடியும். இதை விளக்க நார்வேயில் வாழ்ந்த ஒருத்தியின் கதையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம்.

நாம் கட்டுகிற வேட்டியில் குறுக்கே போகும் ஊடை நூல் இந்த ஓரத்தில் புகுந்து அந்த ஓரம் வரை ஓடும். டேபஸ்ட்ரியில் அப்படி ஓடாது. சிவப்பு எதுவரை வேண்டுமோ அதுவரை போய்ச் சிவப்பு நூல் திரும்பிவிடும். பக்கத்தில் மஞ்சள் தன் எல்லைக்குள் போய்த் திரும்பும். ஒரு வரியில் இருபது இடத்தில் நிறம் மாறினால் இருபது நூல் உருண்டைகள் முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். ஊடையைச் சீப்பால் அடித்து நெருக்குவதால் நீளவாட்டில் கட்டிய பாவு நூல் கண்ணிலேயே படாது. பவானி ஜமக்காளத்தை விரல் வைத்துப் பிரித்துப் பாருங்கள், பாவு உள்ளே ஒளிந்திருக்கும், அந்த மாதிரி. இரண்டு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோக்காமல் விட்டால் துணியில் நீளமாக ஒரு பிளவு விழும். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைப்பது இதே சங்கதிதான். என்ன, நமக்கு ஒரு புடவைக்கு இரண்டு கோடு. அவர்களுக்குப் படம் முழுக்கக் கோர்வை.

(நடுவில் ஒன்று. உலகத்திலேயே பெயர் பெற்ற டேபஸ்ட்ரி என்று பிரான்சின் பாயோ துணியைச் சொல்வார்கள். 70 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், 1066-இல் நடந்த போரின் கதை. அது டேபஸ்ட்ரியே இல்லை. லினன் துணி மேல் கம்பளி நூலால் போட்ட பூத்தையல். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி யாராலும் பிரிக்க முடியாது.)

ஐரோப்பாவில் நெடுங்காலம் டேபஸ்ட்ரி நெய்கிறவர் கலைஞராகக் கருதப்படவில்லை. ஓவியர் முழு அளவில் படம் வரைந்து கொடுப்பார், நெய்கிறவர் அதைத் தறியில் ஏற்றுவார். பாரிஸின் கோப்லான் தறிக்கூடம் 1662-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது முதல் அப்படித்தான் நடந்தது. அங்கே செங்குத்தாக நிற்கும் தறியில் வேலை செய்கிறவர்கள் துணியின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முன்பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க எதிரே ஒரு கண்ணாடி. நுண்ணிய வேலையானால் ஒருவர் வருஷம் முழுக்க உழைத்து ஒரு சதுர மீட்டர் முடித்தாலே பெரிது. அப்படிப்பட்டவரின் நாள் பெரும்பாலும் நிறம் பொருத்துவதிலேயே போகும். படத்தில் இருக்கிற ஒரு சாம்பல் நீலத்துக்கு எந்த நூல் கிட்டே வரும் என்று கட்டுக்கட்டாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

இதிலிருந்து ஒரு நல்ல கதை உண்டு. 1824-இல் அந்தக் கூடத்தின் சாயப் பிரிவுக்கு மிஷேல் யூஜீன் ஷெவ்ருல் என்ற வேதியியலாளரைத் தலைவராகப் போட்டார்கள். வந்ததும் ஒரு புகார்: கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத் துணிமடிப்புகளுக்கு நிழல் போட்டால் வெளுத்துப் போன மாதிரி தெரிகிறது. அவர் மற்ற ஊர்க் கறுப்பு நூலையெல்லாம் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குற்றமே இல்லை. நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தக் கறுப்பும் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்ற அவருடைய விதி அதிலிருந்து பிறந்தது, 1839-இல் அச்சாகி வந்தது. பின்னால் வந்த ஓவியர்கள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். தறியில் இருந்தவர்களின் முணுமுணுப்பில் தொடங்கிய விஷயம் அது. ஓவியம் படிக்கிறவர் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்லத் தோன்றியது.

சரி, நீங்கள் கேட்டது தன் படத்தைத் தானே நெய்கிறவரைப் பற்றி. அங்கே ஹன்னா ரிக்கனைவிட எனக்குப் பிடித்தவர் இல்லை.

1894-இல் ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே பக்கத்து ஊரான லுண்டில் ஆறு வருஷம் ஓவியம் படித்தார். 1922-இல் டிரெஸ்டன் போன இடத்தில் ஹான்ஸ் ரிக்கன் என்ற நார்வே ஓவியரைச் சந்தித்தார், அடுத்த வருஷம் கல்யாணம். 1924-இல் இருவரும் ஓர்லாண்ட் என்ற இடத்தில் குடியேறினார்கள். ட்ரோண்ட்ஹைம் கடற்கழியின் வாய்ப்பக்கம், காற்று அடித்துக்கொண்டே இருக்கிற தட்டையான நிலம். சின்னப் பண்ணை. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. அதே வருஷம் மகள் பிறந்தாள். தறியை ஹான்ஸ் தன் கையால் செய்து கொடுத்தார். தூரிகையை வைத்துவிட்டு ஹன்னா நெய்ய ஆரம்பித்தார். கடைசி வரை தன்னை நெசவாளி என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தான் ஓவியர்தான், தூரிகைக்குப் பதில் தறி, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

இப்போது நாளைப் பாருங்கள். பிராணிகளுக்குத் தீனி, தோட்டம், சமையல், குழந்தை. இதெல்லாம் முடிந்த பிறகு தறி என்று நினைத்தால் தப்பு. ஆட்டு ரோமத்தைச் சிக்கெடுத்து வாருவதும் நூற்பதும், செடி பறித்துச் சாயம் காய்ச்சுவதும் படத்தோடு சேர்ந்த வேலைதான். டிசம்பரில் அந்தப் பக்கம் சூரியன் தலைகாட்டுவதே நாலரை மணி நேரம். விளக்கு வெளிச்சத்தில் நூற்கலாம், நிறம் பார்க்க முடியாது. ஆக எந்த வேலையை எப்போது செய்வது என்பதை வானம்தான் பாதி தீர்மானித்துவிடும்.

சாயத்துக்கு நிலத்தில் கிடைத்ததுதான்: பிர்ச் மரத்து இலை, பாறையில் படரும் பாசி, மரப்பட்டை, வேர். நீலத்துக்கு மட்டும் வெளியிலிருந்து வந்த அவுரி. அந்த நீலத்தின் பெயரே நார்வேயில் பானை நீலம். ஏன் பானை? அது மூத்திரப் பானை.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அவுரிக் கட்டி தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்க இரண்டு விஷயம் வேண்டும்: கரைசலில் காரத்தன்மை இருக்க வேண்டும், அதில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது. நம் பக்கத்துச் சாயக்காரர்கள் சுண்ணாம்பும் தகரை விதையும் போட்டுப் புளிக்க வைத்துத் தாழி கட்டுவார்கள். நார்வேயில் வீட்டு மூத்திரத்தைச் சேர்த்து, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் நாள்கணக்கில் வைப்பார்கள். அதிலிருக்கும் யூரியா அமோனியாவாக மாறிக் காரம் தரும். மற்றதை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். பக்குவம் வந்த பானையின் நீர் நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். கம்பளி நூலை மெதுவாக அமுக்கி, கொஞ்ச நேரம் வைத்து, வெளியே எடுத்தால் நூலும் பச்சைதான். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகத் திரும்பும். ஆழ்ந்த நீலம் வேண்டுமானால் மறுபடி அமுக்கு, மறுபடி காற்றில் விடு. ஹன்னாவின் பானைக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளிகளும் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அந்த ஊரில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிற கதை. நாற்றத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பொறி எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, அதில் ஒரு பகுதி இந்தப் பானைக்குள் இருக்கிறது. ஓவியர் நீலக் குழாயைப் பிதுக்கினால் வேண்டிய மட்டும் வரும். இங்கே ஒரு பானைக்கு இவ்வளவு நூல்தான். அடுத்த பானை அதே நீலத்தைத் தராது. கையில் இருக்கிற நீலம் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் கடலை எவ்வளவு பெரிதாக நெய்வது என்று யோசிக்க முடியும். பொருள் யோசனையைக் கெடுக்கிறது என்று நினைக்கிறவர்கள் தறிக்கு வராமல் இருப்பது நல்லது.

இன்னொரு பகுதி பழைய துணிகள். நார்வேயில் 17-ஆம் நூற்றாண்டில் விவசாய வீடுகளில் சித்திரத் துணிகள் நெய்தார்கள். புத்தியுள்ள கன்னியர் ஐந்து பேர், புத்தியில்லாத கன்னியர் ஐந்து பேர் என்ற பைபிள் உவமை அதில் மிகவும் பிரபலம். மேல் வரிசையில் ஐந்து பெண்கள், கீழ் வரிசையில் ஐந்து பெண்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முகம், தூரம் கிட்டம் எதுவும் கிடையாது. கைவரிசை போதாமல் அப்படி நெய்தார்கள் என்று நினைக்கக்கூடாது. கிடைக்கோடு தறிக்குச் சுலபம், செங்குத்துக் கோட்டில் பிளவு விழும், சாய்கோடு படிக்கட்டாகத்தான் ஏறும். அந்தக் குணத்தோடு சண்டை போடாமல் நெய்தால் படம் அந்த மாதிரிதான் வரும். ஹன்னா இந்த மொழியை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் கன்னியர் இருந்த இடத்தில் தன் காலத்து ஆட்களை உட்கார வைத்தார்.

அந்த ஆட்கள் வந்தது செய்தித்தாளிலிருந்து. 1933-இல் கடனையே ஒரு கடலாக்கி, அதில் மூழ்கும் எளிய மக்களை நெய்தார். அடுத்த வருஷம் தன் வீட்டுப் பிராணிகள்: வளர்த்து, பெயர் வைத்து, பிறகு அறுத்துத் தின்கிற சங்கடம். 1935 அக்டோபரில் இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. ஹன்னா தறியில் பாவு பூட்டினார். அந்தத் துணியின் வலது ஓரத்தில் ஓர் எத்தியோப்பிய வீரனின் ஈட்டியில் முசோலினியின் தலை குத்தி நிற்கும். 1937-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு நார்வே அதை அனுப்பியது. பிக்காசோவின் குவெர்னிகா தொங்கியதும் அதே கண்காட்சியில்தான். ஆனால் நார்வே அரங்கில் அந்தத் தலை இருந்த பகுதியை மடித்து மறைத்துத்தான் தொங்கவிட்டார்கள். துணியில் இருக்கிற வசதி பாருங்கள், ஓவியமாக இருந்தால் மடித்திருக்க முடியுமா! எனக்கு இந்தச் சம்பவத்தில் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வரும். ஒரு பண்ணைவீட்டில் நூற்று நெய்த கம்பளித் துணியைப் பார்த்து அதிகாரிகளுக்குப் பயம்.

1936-இல் ஹிட்லரின் ஜெர்மனியில் அடைபட்டிருந்த பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கியை நெய்தார். 1938 ஜூனில் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த லிசலோட்டே ஹெர்மான் என்ற இளம் தாயை பெர்லினில் தலைவெட்டிக் கொன்றார்கள். அதே வருஷம் அவளும் ஹன்னாவின் தறியில் ஏறினாள்.

உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேதான் வருகிறது. செய்தி ஒரு நாளில் வந்துவிடும். கோபமும் ஒரு நாளில் வந்துவிடும். காகிதத்தில் கிறுக்குகிறவர் அன்று மாலையே அதைக் கொட்டிவிடலாம். தறியில் முடியாது. நூற்று, சாயம் போட்டு, பாவு பூட்டி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாக ஏற்றி முடிக்க மாதங்கள் ஆகும். அத்தனை காலமும் ஆறாத கோபம்தான் துணியாகும். பொங்கி அடங்குகிற கோபம் நாலு விரல் அகலத்திலேயே நின்றுபோகும். இத்தனைக்கும் ஹன்னா முன்கூட்டி மாதிரிப் படம் வரைந்து வைத்துக்கொண்டு நெய்யவில்லை. நேராகத் தறியிலேயே படம் கட்டினார். கீழே நெய்தது சரியில்லை என்றால் அழிக்க ரப்பர் கிடையாது, பிரித்தால் மேலே உள்ள எல்லாம் போகும். கால் நெய்யும்போதே தலை எங்கே வரும் என்று மனசில் இருக்க வேண்டும். தினமும் காலையில் உட்காரும்போது அந்தப் படம் உள்ளே இன்னும் சூடாக இருக்கிறதா என்பதுதான் சோதனை.

1940-இல் போர் வீட்டுக்கே வந்தது. ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்து, ஓர்லாண்டில் விமானத்தளம் கட்டினார்கள். 1942 அக்டோபர் 6-ஆம் தேதி ட்ரோண்ட்ஹைமில் அவசரநிலை அறிவித்து, ஊர்ப் பிரமுகர்கள் பத்துப் பேரைப் பழிக்குப் பழியாகச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒருவர் நாடக அரங்கின் இயக்குநர் ஹென்றி க்ளெடிட்ஷ். 1943-இல் ஹன்னா முடித்த துணியின் பெயர் வெறும் தேதி: 6 அக்டோபர் 1942. அதில் ஹிட்லர் கேலிப்பொருளாக அந்தரத்தில் மிதக்கிறான். க்ளெடிட்ஷ் சாகிறார். கோட்டையில் சர்ச்சில். இன்னொரு பக்கம் அலைக்கு நடுவே ஒரு சின்னப் படகில் ஹன்னாவும் கணவரும் மகளும். உலக அரசியலையும் தன் வீட்டையும் ஒரே பாவில் ஏற்றிவிட்டார். ஜெர்மன் சிப்பாய்கள் நடமாடுகிற ஊரில் இந்த மாதிரித் துணிகளைக் கொடியில் வெளியே தொங்கவிட்டார் என்று சொல்வார்கள். 1944-இல் ஹான்ஸைப் பிடித்து கிரீனி முகாமில் அடைத்தார்கள். அதுவும் அடுத்த வருஷம் துணியானது.

அதற்காக வாழ்நாள் முழுக்கக் கோபமாகவே இருந்தார் என்று நினைக்க வேண்டாம். 1958-இல் ஒஸ்லோ அரசுக் கட்டடத்துக்காக நெய்த பெரிய துணியில் ஓர் ஆணும் பெண்ணும் அணைத்துக்கொண்டு அண்டவெளியில் நிற்கிறார்கள். நாம் ஒரு நட்சத்திரத்தில் வாழ்கிறோம் என்று அதற்குப் பெயர். எனக்கு அவருடைய மற்ற வேலைகள் அளவுக்கு அது பிடிக்காது, கொஞ்சம் இனிப்பு கூடிவிட்டது. ஆனால் 2011 ஜூலை 22 அன்று அந்தக் கட்டடத்தின் எதிரே குண்டு வெடித்தபோது துணி கிழிந்தது. பிறகு எடுத்துத் தைத்தார்கள். 1964-இல் வெனிஸ் பியன்னாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் நார்வேயின் சார்பில் கலந்துகொண்டார். 1966-இல், எழுபதைத் தாண்டிய வயதில், வியட்நாம். கண்ணைக் குத்தும் பச்சைப் புல்வெளி, அதன் நடுவே ரத்தக் கோடுகள், ஓரத்தில் கௌபாய் தொப்பியோடு அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், கூட ஒரு நாய். 1970-இல் இறந்தார். துணிகளில் பெரும் பங்கு ட்ரோண்ட்ஹைம் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போக முடிந்தால் போங்கள். அச்சில் பார்த்தால் அந்த நீலம் தெரியாது.

எல்லோரும் ஹன்னா மாதிரிச் செய்தித்தாளோடு தறியில் உட்கார வேண்டும் என்றில்லை. ஸ்விட்சர்லாந்தில் படித்து அமெரிக்காவில் வாழ்ந்த சில்வியா ஹைடன் வயலினும் வாசித்தவர். வடக்குக் கரோலினாவில் தன் வீட்டுப் பக்கம் ஓடும் ஈனோ ஆற்றைத்தான் திரும்பத் திரும்ப நெய்தார். அரசியல் கிடையாது, தண்ணீர் கல்லில் பட்டுத் திரும்புவதுதான் படம். அங்கேயும் கணக்கு ஒன்றே: தினமும் போய்ப் பார்த்தும் தீராத ஒரு ஆறு.

நீங்கள் தறிப் பக்கம் வரலாமா என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் துணியாக எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையை நெய்ய நினைத்தேன். கோர்வை தெரிந்த திமிர் வேறு. ஒரு சாண் அகலத்தில் தொடங்கினேன், பாதி ஏறுவதற்குள் அகலம் மூன்று விரல் குறைந்துவிட்டது. துணி இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி நின்றது. காரணம் சின்ன விஷயம். ஊடையை நேராக இழுத்து வைத்து அடித்திருக்கிறேன். அது பாவின் மேலும் கீழும் வளைந்து போக நூல் போதவில்லை, அதனால் ஓரத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. ஊடையை வில் மாதிரி வளைத்துப் போட்டு, நடுவில் விரலால் அமுக்கிச் சின்னச் சின்ன மேடாக்கி, அப்புறம் அடிக்க வேண்டும். பட்டு நெய்கிற கைக்கு இது பழக்கமில்லை. எல்லாவற்றையும் பிரித்தேன். இரண்டாம் தடவை பிரித்த பிறகு குளத்து மேல் இருந்த ஆசை போய்விட்டது. அப்போதுதான் தெரிந்தது, அது நெய்ய வேண்டிய அளவுக்கு எனக்குள் இருந்த படம் இல்லை என்று.

ஆகவே தறி வாங்காதீர்கள், இப்போதைக்கு. பழைய ஜன்னல் சட்டம் ஒன்று போதும். மேலும் கீழும் அங்குலத்துக்கு ஐந்தாறு ஆணி அடித்து, முறுக்கேறிய பருத்திப் புரிநூலைப் பாவாகக் கட்டுங்கள். கம்பளி நூல் ஊடை. அடிப்பதற்குச் சாப்பாட்டு முள்கரண்டி. உள்ளங்கை அகலம் போதும். தினமும் ஒரே நேரத்தில், பகல் வெளிச்சத்தில், ஒரு மணி நேரம் உட்காருங்கள். நெய்ய நினைத்த படத்தைச் சுவரில் குத்தி வைத்து ஒரு மாதம் விடுங்கள். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் போகும்போது கால் நின்றால் பாவு பூட்டுங்கள்.

சாயமும் போட்டுப் பார்க்க ஆசை என்றால் மூத்திரப் பானையில் தொடங்க வேண்டாம், வீட்டில் சண்டை வரும். வெங்காயச் சருகு, துலுக்கச் சாமந்தி இரண்டும் நல்ல மஞ்சள் தரும். நூறு கிராம் வெள்ளைக் கம்பளிக்குப் பத்துப் பதினைந்து கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நூலை அதில் முதலில் சூடாக்கி எடுங்கள். கொதிக்க விட்டுக் கிளறினால் கம்பளி சுருங்கித் தக்கையாகிவிடும். படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.